இருபத்தைந்தாவது பாட்டில்

"குற்றவாளியைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்" என்று அழைத்தவரே, "ஆளை ஏற்கனவே பிடிச்சு ஸ்டேஷன்ல உட்கார வெச்சாச்சு" என்றும் சேர்த்துச் சொன்னால், தோர்சிலா அமோண்டிக்குக் கடைவாய்ப் பல் கூசும். வங்கியில் கம்ப்யூட்டர்களைத் தணிக்கை செய்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார். பல் இன்னும் ஓய்வு பெறவில்லை.

கிசுமு நகரத்திலிருந்து கோரோ ஏரிக்கரைக்கு வரும் வழியெல்லாம் அது கூசிக்கொண்டே வந்தது.

"பிடுங்கிப் போட்டுடலாமே மேடம்," என்றான் காரை ஓட்டிக்கொண்டிருந்த ராடிங்.

"பிடுங்கிட்டா உனக்குச் சோறு யார் போடுவா? நம்ம ரெண்டு பேர்ல அது ஒண்ணுதான் வேலை செய்யுது."

ராடிங் அவருடைய உதவியாளன். அதற்கு முன்பு கல்யாணத்திலும் கருமாதியிலும் மைக் பிடித்தவன். அந்தப் பக்கத்து ஆட்கள் பாட்டை நடுவில் நிறுத்தச் சொல்லி, "ஏரியைக் குடித்துவிட்டு ஏப்பம் விடாதவன் நான்" என்று தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்வார்கள். அந்தப் புகழை வாடகைக்கு எழுதிக் கொடுத்தவன் ராடிங். அந்தத் தொழிலில் அவன் கற்றது ஒன்றே ஒன்று: யாரையும் நம்பாதே, முக்கியமாகக் கைதட்டுகிறவனை.

அன்றைய வெயில் ஊரார் வாயில் இன்னும் இருக்கிறது. வலையில் விழுந்த மீன் கரைக்கு வருவதற்குள் பாதி வெந்துவிட்டதாகவும், இரண்டு பேர் எலுமிச்சம்பழத்தோடு ஏரிக்குள் இறங்கியதாகவும் சொல்வார்கள். இரண்டு பேர் என்பது மிகை. ஒருவர்தான்.

அப்படிப்பட்ட ஊரில் ஐஸ்தான் ராஜா. ஐஸ் ஆலையின் சுவரில் ஒரு சின்ன இயந்திரம் பொருத்தியிருந்தார்கள். மீன் வியாபாரி தன் அட்டையை அதில் தொட வேண்டும். அட்டையில் பணம் இருந்தால் பச்சை விளக்கு எரிந்து ஐஸ் கொட்டும். இல்லாவிட்டால் சிவப்பு விளக்கு, வீட்டுக்குப் போகலாம். இதில் கெட்டுப்போக ஒன்றுமே இல்லை. ஆனால் மூன்று சந்தை நாட்களாக, சரியாக உச்சி வெயில் நேரத்தில், இயந்திரம் செத்துப்போனது. பச்சையும் இல்லை, சிவப்பும் இல்லை. மஞ்சள் விளக்கு மட்டும் தூக்கம் வராதவன் கண் மாதிரி முழித்துக்கொண்டிருந்தது. வண்டி வண்டியாக மீன் அழுகியது. கரைப் பூனைகள் மூக்கைச் சுளித்துக்கொண்டு சைவத்துக்கு மாறின.

ஆலை வாசலில் எஞ்ஜினியர் பாராக் மகாக் காத்திருந்தார். இயந்திரத்தை வைத்த கம்பெனி அவருடையது. வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாத கால்சட்டை, சட்டைப்பையில் சின்ன பைபிள்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம், மேடம்! உங்களை மாதிரி நேர்மையான ஆள் வந்தது எங்க பாக்கியம்."

ராடிங் மெதுவாக அமோண்டியின் பக்கம் சாய்ந்தான். "புகழ்றார் மேடம். எழுதிக் கொடுத்தது யாரோ மட்டமான ஆள்."

மகாக் விஷயத்தைச் சொன்னார். இயந்திரத்துக்குள் ஓடும் புரோகிராமின் முக்கியப் பகுதி, இஷ்மாயேல் ஒகுவெனோ என்ற இளைஞன் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் திறந்து போட்டிருந்தது. பெயர் 'கிரெட்டி'. அங்கே பாட்டில் அடுக்கும் பெட்டிக்கு அதுதான் பெயர்.

"இலவசமா போட்டிருந்தான், போன மாசம்தான் நம்பி எடுத்து உள்ளே வெச்சேன். உள்ளே கண்ணி வெச்சிருக்கான் மேடம். ஒவ்வொரு சந்தை நாளும் லேப்டாப்பும் கையுமா அதோ அந்த மரத்தடியில வந்து உட்காருவான். மதியம் இயந்திரம் படுத்துடும். மூணு தடவையும் அவன் இருந்தான், மூணு தடவையும் படுத்துச்சு."

"மரமும் இருந்துச்சே சார், மூணு தடவையும்," என்றான் ராடிங். "அதை ஏன் பிடிக்கலை?"

மகாக் சிரித்தார். அமோண்டி சிரிக்கவில்லை. மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பாரே, அப்படி அவர் முகத்தைப் பார்த்தார்.

"அவன் எழுதினதுல நீங்க ஏதாவது மாத்தினீங்களா?"

"ஒரு புள்ளிகூட இல்லை. எடுத்தேன், வெச்சேன். தேவன் சாட்சி."

"உள்ளே என்ன இருக்குன்னு பார்க்கலாமா?"

"அதுதான்..." எஞ்ஜினியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "கம்பெனி ரகசியம், மேடம்."

"ஊருக்குத் திறந்து கிடந்ததை அப்படியே எடுத்து வெச்சேங்கறீங்க. அதுல ரகசியம் எங்கிருந்து முளைச்சது?"

"பூட்டினதைத் திறந்தா உத்தரவாதம் போயிடும் மேடம். பரிசோதகர் ஒருத்தர் பார்த்தாகணும்னு மீன் கரையை நடத்தற கமிட்டி அடம்பிடிச்சாங்க, அதனாலதான் உங்களைக் கூப்பிட்டேன். மூணு மணிக்குக் கமிட்டி கூடுது. நீங்க அறிக்கையில கையெழுத்துப் போட்டா, கமிட்டி புகார்ல போடும். நாளைக்கு அந்தப் பையன் கோர்ட்ல நிப்பான்."

"நான் போடலேன்னா?"

"ஏன் போடமாட்டீங்க?" அவர் நிஜமாகவே ஆச்சரியப்பட்டார். "உங்களுக்குப் பொரிச்ச மீன்கூடச் சொல்லிட்டேனே!"

அவர் மீன் பார்க்கப் போனதும் ராடிங் சொன்னான். "மேடம், கமிட்டித் தலைவி பெர்பெட்டுவா அம்மா யாரு தெரியுமா? இவரோட மாமியார். மருமகனுக்கு மாமியார் கொடுத்த காண்ட்ராக்டு. ஐஸ்ல ஏதோ நாறுது."

"மாமியாரையும் சந்தேகப்படறியா?"

"எனக்கு மாமியார் இல்லை, அதனால கிடைச்ச மாமியாரையெல்லாம் சந்தேகப்படறேன்."

அமோண்டி இயந்திரத்தின் முன்னால் போய் நின்றார். அன்று சந்தை இல்லை. நாலைந்து பெண்கள் கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். காவலாளி தினமும் போல அப்போதுதான் இயந்திரத்தைப் போட்டிருந்தான்; அது பச்சை காட்டி ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தது.

"சந்தை அன்னிக்கு மட்டும் இங்க என்ன வித்தியாசம்?" என்று வரிசையைக் கேட்டார்.

"கூட்டந்தான்," என்றாள் ஒருத்தி. "மலைப்பக்கத்துலேர்ந்தெல்லாம் வருவாளுங்க. பாதிப் பேர் அட்டையில காசே இருக்காது. இருந்தா இருக்கட்டும்னு ரெண்டு தடவை, மூணு தடவை தொட்டுப் பாப்பாளுங்க."

அமோண்டியின் கண் லேசாக மூடியது. தூங்குகிறார் என்று நினைத்தவர்கள் பலர் ஜெயிலில் இருக்கிறார்கள்.

"ராடிங், உன்கிட்ட இந்த அட்டை இருக்கா?"

"இருக்கு. போன வருஷம் ஒரு பீர்க்கடைக்கு ஐஸ் வாங்க எடுத்தது."

"அதுல காசு?"

"மேடம், என் அட்டை கன்னி அட்டை."

"தொடு. நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் தொட்டுக்கிட்டே இரு. ஒரு தொடலுக்கு ஒரு வேர்க்கடலை சாப்பிடு, தோலை இங்கே போடு." அவர் கைக்குட்டையை விரித்தார். பையிலிருந்து அவித்த கடலைப் பொட்டலம் வெளியே வந்தது.

ராடிங் தொட்டான். சிவப்பு. கடலை. தொட்டான். சிவப்பு. கடலை. பத்தாவது தடவையில் வரிசை சிரிக்க ஆரம்பித்தது.

"தம்பி, அது வேணாம் வேணாங்குது, நீ விடமாட்டேங்கறியே! வீட்லயும் இப்படித்தானா?"

"வீட்ல கடலை தரமாட்டாங்க அக்கா," என்றான் ராடிங், கடலையை மென்றபடி.

"எருமைக்குக்கூட இத்தனை தடவை சொல்ல வேண்டியதில்லை," என்றாள் இன்னொருத்தி.

பிறகு ஒரு தொடலில் சிவப்பு வரவில்லை. பச்சையும் வரவில்லை. மஞ்சள் விளக்கு மெல்லக் கண் விழித்தது. அடுத்து நின்ற பெண் பணம் இருந்த தன் அட்டையைத் தொட்டாள். மஞ்சள். வரிசையின் சிரிப்பு நின்றது. பிறகு எழுந்த கூச்சலை இங்கே எழுத முடியாது; காவலாளி ஓடிவந்து இயந்திரத்தை அணைத்துப் போட்டு, அது உயிர்த்தெழுந்த பிறகுதான் ராடிங் உயிரோடு காருக்குத் திரும்பினான்.

"ஒகுவெனோ எங்கே இருந்தான் இப்போ?" என்று கேட்டார் அமோண்டி.

"லாக்கப்ல."

"மரத்தடியில?"

"நாய்தான் இருந்துச்சு."

அமோண்டி கைக்குட்டையில் இருந்த தோல்களை எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். "இருபத்தஞ்சு சிவப்பு. அதுக்கப்புறம் சாவு."

"இருபத்தஞ்சு," என்று ராடிங் தலையைச் சொறிந்தான். "எனக்கு ரொம்பப் பழகின எண் மாதிரி இருக்கு மேடம். எங்கேன்னுதான் ஞாபகம் வரமாட்டேங்குது."

*

போலீஸ் ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு தகரக் கடை. அமோண்டி மூன்று ஆரஞ்சுக் கலர் கேட்டார். கடைக்காரி பாட்டில்களைக் கொடுக்காமல் கழுத்தோடு பிடித்துக்கொண்டாள்.

"காலி பாட்டில் இருக்கா?"

"இல்லை. ஸ்டேஷனுக்குள்ள எடுத்துப் போகணும்."

"உள்ளே போன பாட்டில் எதுவும் திரும்பி வர்றதில்லை. மனுசங்களாவது ஜாமீன்ல வர்றாங்க."

ராடிங்கின் கைக்கடிகாரத்தை அடகு வைத்த பிறகுதான் பாட்டில்கள் கைமாறின.

ரோட்டைக் கடக்கும்போது அமோண்டி சொன்னார். "இப்போ புரிஞ்சுதா? அந்த இயந்திரத்துக்குள்ளயும் இந்தக் கடைதான் நடக்குது. ஒவ்வொரு ஆள் அட்டையைத் தொடும்போதும், கணக்கைப் பார்த்துட்டு வர புரோகிராம் ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுக்குது. கணக்குப் பார்த்ததும் பாட்டிலைத் திருப்பி வாங்கிப் பெட்டியில வைக்கணும். காசு இருந்தவன் திருப்பிக் கொடுத்துட்டுப் போறான். காசு இல்லேன்னு விரட்டப்பட்டவன் பாட்டிலோட போயிடறான். இப்படி ஒவ்வொண்ணா போனா?"

"பெட்டி காலி. அடுத்து வர்றவன் எவ்வளவு பெரிய பணக்காரனா இருந்தாலும் மஞ்சள் விளக்கைப் பார்த்துட்டு நிக்கணும்." ராடிங் நின்றுவிட்டான். "அப்போ கண்ணி வெச்சவன் யாரும் இல்லையா? வெறும் மறதியா?"

"மறதிதான். யாரோட மறதிங்கறதுதான் கேள்வி. ஒகுவெனோ எழுதும்போதே மறந்திருந்தா, அவன் பேர் கெட்டது கெட்டதுதான். கண்ணி இல்லேன்னு நான் சொன்னாலும் மூணு சந்தை மீனுக்கு அவன்தான் பதில் சொல்லணும். அவன் எழுதினதை இணையத்துல படிச்சேன். திருப்பி வாங்கற வரி இருக்கு. ஆனா அதை பிடிபடறதுக்கு முந்தின நாள்கூடச் சேர்த்திருக்கலாமேன்னு மகாக் சொல்லுவார்."

ஒகுவெனோ ஒல்லியாக இருந்தான். சட்டையில் இரண்டு நாள் அழுக்கு. பெஞ்சில் உட்கார்ந்து கலரைக் கையில் வாங்கியவன், கண்ணை மூடி ஜெபித்துவிட்டுத்தான் குடித்தான்.

"நீ பீர் குடிப்பியா?" என்று கேட்டார் அமோண்டி.

"நாங்க ஓய்வுநாள் சபை, அம்மா. தேநீர்கூடக் குடிக்கமாட்டோம். எங்க வீட்டுக்குள்ள பீர் பாட்டில் வந்ததே இல்லை."

"சந்தை நாள்ல மரத்தடியில என்ன வேலை?"

"என் கிரெட்டி ஓடறதைப் பார்க்கலாம்னு முதல் சந்தைக்கு வந்தேன், கண்ணெதிர்லயே படுத்துடுச்சு. ஏன் படுக்குதுன்னு பார்க்க அடுத்த ரெண்டு சந்தைக்கும் வந்தேன். உள்ளே காட்டுங்கன்னு எஞ்ஜினியர்கிட்ட எத்தனை தடவை கேட்டேன்! நான் திறந்து கொடுத்ததை எனக்கே பூட்டிக் காட்டறார்."

"இலவசமா கொடுத்த பொருள்தானே தம்பி?" என்றான் ராடிங். "கொடுத்த பிறகு அவர் பூட்டினா என்ன, புதைச்சா என்ன?"

ஒகுவெனோவின் முகம் சிவந்தது. "எடுத்துக்கட்டும்! மாத்தட்டும்! வித்துச் சம்பாதிக்கட்டும், நான் கேக்கலை. ரெண்டே ரெண்டு வார்த்தைதான் எழுதி வெச்சிருக்கேன். என் பேரை அழிக்காதே. மாத்தினா, மாத்தினது நான்னு சொல்லு. இது ரெண்டும் கஷ்டமா? அவர் சமைச்ச குழம்புக்கு என் பேரைச் சொல்லிப் பரிமாறக் கூடாதில்ல?"

"கோபப்படாதே. ஒரு கேள்விதான்," என்றார் அமோண்டி. "உன் பெட்டியில எத்தனை பாட்டில் வெச்சே?"

"இருபத்து நாலு."

"ஏன் இருபத்து நாலு?"

அவன் விழித்தான். "பெட்டின்னா இருபத்து நாலுதானே? வேற எத்தனை இருக்கும்?"

ராடிங்குக்குச் சட்டென்று ஞாபகம் வந்துவிட்டது. வாயைத் திறந்தான். அமோண்டியின் செருப்பு அவன் கால் மேல் ஏறி உட்கார்ந்தது. வாய் மூடிக்கொண்டது.

"நீயே மறந்து தப்பா எழுதியிருப்பியோ?" என்று அமோண்டி குரலை மாற்றினார். "பாட்டிலைத் திருப்பி வாங்காம விட்டிருப்பியோ?"

ஒகுவெனோ எழுந்துவிட்டான். "உங்களையும் அவர்தானே கூட்டிட்டு வந்தார்? போங்கம்மா. எனக்குப் பேச ஒண்ணுமில்லை." விடுவிடென்று லாக்கப் பக்கம் நடந்தான். கம்பிக் கதவு வரை போனவன் நின்றான். திரும்பி வந்தான். கையிலிருந்த பாட்டிலில் மிச்சமிருந்த ஒரு மடக்கைக் குடித்து, பாட்டிலை பெஞ்சின் மேல் நேராக நிறுத்தினான்.

"கடைக்கார அம்மாகிட்ட கொடுத்துடுங்க," என்று சொல்லிவிட்டு, மறுபடி கோபத்தை எடுத்துப் போட்டுக்கொண்டு உள்ளே போனான்.

அமோண்டி அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சண்டை போட்டுட்டுப் போறவன்கூடப் பாட்டிலை வெச்சுட்டுப் போறான்," என்றார். "ராடிங், கடைக்காரிகிட்ட ஒரு பெட்டி கலர் வாங்கு. முழுப் பெட்டி. பெட்டி மேல துணியைப் போட்டு மூடிக் கொண்டு வா."

"இதுக்கு எதை அடகு வைக்கிறது?"

"உன்னை."

*

கரைக் கமிட்டிக் கூடத்தில் கூரை தகரம். உள்ளே உட்கார்ந்தவர்கள் இட்லி வேகும் விதத்தை நேரில் அறிந்தார்கள்.

நடுவில் பெர்பெட்டுவா அம்மா. தலைத்துணியைக் கட்டியிருந்த விதத்திலேயே தீர்ப்பு தெரிந்தது. அவர் முன்னால் புகார்க் கடிதம், பக்கத்தில் பேனா, மூடி கழற்றித் தயாராக இருந்தது. மருமகன் மகாக் மாமியாருக்கு மரியாதையாக முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்.

"சீக்கிரம் முடிங்க," என்றார் பெர்பெட்டுவா. "என் பெண்டுகளோட மீன் மூணு தடவை குப்பைக்குப் போயிருக்கு. ஒருத்தன் தலை உருளணும். யாரோடதுன்னு சொல்லுங்க."

"தொண்டை வறளுது அம்மா. எல்லாருக்கும் ஒரு கலர் கொடுத்துட்டுப் பேசலாம்," என்றார் அமோண்டி.

கூடத்தில் அதற்கு மறுப்பு இல்லை. கலர் இல்லாத கூட்டம் அந்த ஊரில் செல்லவும் செல்லாது. ராடிங் துணி மூடிய பெட்டியைத் தூக்கிவந்து வைத்தான்.

"எத்தனை பேர் இருக்கோம்?"

"இருபத்தஞ்சு மேடம். உங்க பல்லைத் தனியாச் சேர்த்தா இருபத்தாறு."

அமோண்டி கவலையோடு நெற்றியைத் தடவினார். "ஒரு பெட்டிதான் வாங்கினேன். எஞ்ஜினியர் சார், நீங்க கணக்குல புலி. ஒரு பெட்டி போதுமா? இல்லை, இவனை இன்னொரு தடவை கடைக்கு அனுப்பணுமா?"

மகாக் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "போதும் மேடம். பெட்டிக்கு இருபத்தஞ்சு. ஆளுக்கு ஒண்ணு, கச்சிதம்."

"நீங்க சொன்னா சரி. ராடிங், கொடு. அம்மாவுக்குக் கடைசியா கொடு, தலைவி எல்லாரும் வாங்கினதைப் பார்த்துட்டுத்தானே குடிப்பாங்க."

ராடிங் பல்லாலேயே மூடியைக் கடித்துக் கடித்துக் கொடுத்துக்கொண்டு போனான். மகாக்குக்கு ஒன்று. செயலாளருக்கு ஒன்று. அமோண்டிக்கு ஒன்று, தனக்கு ஒன்று. பெர்பெட்டுவா அம்மாவின் முன்னால் வந்து நின்று பெட்டிக்குள் கைவிட்டான். துழாவினான். துணியை எடுத்துவிட்டுத் தலைகீழாகக் கவிழ்த்தான். ஓர் எறும்பு விழுந்தது.

"ஒண்ணு குறையுதம்மா."

மாமியார் பாட்டில் இல்லாமல் உட்கார்ந்திருக்க, மருமகன் கையில் பாட்டிலோடு இருந்தார்.

பெர்பெட்டுவா அம்மா நிதானமாகச் சொன்னார். "கலர்ப் பெட்டியில இருபத்து நாலு. சின்னக் குழந்தைக்குத் தெரியும். இருபத்தஞ்சு அடுக்கறது பீர்ப் பெட்டியில." அவர் பார்வை மெல்ல ஓரத்துக்கு நகர்ந்தது. "எட்டு வருஷமா ஒரு சொட்டுத் தொடலைன்னு போன ஞாயித்துக்கிழமைகூடச் சபையில அழுது சாட்சி சொன்னியே மருமகனே. நானும் அழுதேனே."

யாரோ இருமலில் சிரிப்பை மறைத்தார்கள். யாரோ மறைக்கவில்லை.

"வாய் தவறி..." என்றார் மகாக், ஜன்னலைப் பார்த்து.

"வாய் தவறலாம்," என்றார் அமோண்டி. "கை ஏன் தவறிச்சு?"

அவர் எழுந்து நின்றார். கையில் கைக்குட்டை முடிச்சு. அவிழ்த்து, கடலைத் தோல்களை மேசை மேல் கொட்டினார்.

"அம்மா, உங்க இயந்திரத்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத ஒரு பெட்டி இருக்கு. காசில்லாத அட்டை தொடும்போதெல்லாம் அதிலேர்ந்து ஒரு பாட்டில் தொலைஞ்சுபோகுது. பெட்டி காலியானா இயந்திரம் சாகுது. இன்னிக்குக் காலையில சந்தையும் இல்லை, ஒகுவெனோவும் இல்லை. இந்தப் பையனோட காலி அட்டையை வெச்சே நான் அதைச் சாகடிச்சேன். இருபத்தஞ்சு தடவை. ஒகுவெனோ எழுதின பெட்டியில இருபத்து நாலுதான் இருக்கு. அவனுக்குத் தெரிஞ்ச ஒரே பெட்டி கலர்ப் பெட்டி. அது உலகத்துக்கே திறந்து கிடக்கு. யார் வேணா பார்க்கலாம். எஞ்ஜினியர் ஒரு புள்ளிகூட மாத்தலைன்னு தேவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டார். அப்போ அந்த இருபத்தஞ்சாவது பாட்டிலை உள்ளே வெச்சது யாரு?"

மகாக்கின் சட்டை மடிப்பு முதல் தடவையாகக் கலைந்திருந்தது.

"தப்பா எழுதியிருக்கான்னு நினைச்சேன்!" என்று வெடித்தார். "பெட்டின்னா இருபத்தஞ்சுதானே? பையன் எண்ணத் தெரியாம எழுதிட்டான்னு... திருத்தினேன். நல்லதுக்குத்தான்!"

"திருப்பி வாங்கற வரி?"

"ஐஸே கிடைக்காதவன்கிட்ட திருப்பி வாங்க என்ன இருக்குன்னு எடுத்துட்டேன். எடுத்ததும் வேகமா ஓடுச்சு. எனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். தப்பு எல்லாருக்கும் வரும், அது குற்றம் இல்லை," என்றார் அமோண்டி, கிட்டத்தட்ட அன்பாக. "எப்போ தெரிஞ்சது?"

மகாக் கைக்குட்டையைத் தேடி எடுத்தார்.

"ரெண்டாவது சந்தை அன்னிக்கு."

"தெரிஞ்சும் மூணாவது சந்தை மீனை அழுக விட்டீங்க. ஒத்துக்கிட்டா காண்ட்ராக்டு போயிடும். அதனால உங்க திருத்தத்துக்கு அவன் பேரை ஒட்டி, அவனை உள்ளே தள்ளினீங்க. என்னைக் கூப்பிட்டது மீன் சாப்பிட்டுக் கையெழுத்துப் போட. மீன் நல்லாத்தான் இருந்தது. கையெழுத்து இல்லை."

பெர்பெட்டுவா அம்மா பேனாவை எடுத்தார். மாமியார் பாசம் எந்தப் பக்கம் பாயும் என்று ராடிங்குக்குத் தெரியவில்லை. அம்மா பேனாவுக்கு மூடி போட்டார். புகாரை நாலாக மடித்து விசிறிக்கொண்டார். மறுகையால் போனை எடுத்தார்.

"ஸ்டேஷனா? கோரோ கமிட்டித் தலைவி. புகார் இல்லை. பையனை விடுங்க. நடந்து வரச் சொல்லாதீங்க, வண்டியில அனுப்புங்க. ...என்ன, டீசல் இல்லையா? பிடிச்சுட்டுப் போகும்போது இருந்துச்சே!"

மகாக் எழுந்தார். நாற்காலி கவிழ்ந்தது. யாரையும் பார்க்காமல், எல்லோருடைய முழங்காலையும் இடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார். படியில் கால் வைத்தபோது பெர்பெட்டுவா அம்மாவின் குரல் கூரையைத் தூக்கியது.

"மருமகனே! பாட்டில்!"

எஞ்ஜினியர் நின்றார். கையில் பாதிக் கலரோடு பாட்டில் இருந்தது. வெயிலைப் பார்த்தார், கூடத்தைப் பார்த்தார். இருபத்து நாலு பேர் பார்க்க, திரும்பி நடந்து வந்து, பெட்டிக்குள் பாட்டிலை வைத்தார்.

"நேரா வைங்க சார்," என்றான் ராடிங்.

நேராக வைத்தார். பிறகு போனார்.

*

சூரியன் சாயும் நேரத்துக்கு ஒகுவெனோ இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தான் எழுதியதை அப்படியே மறுபடி ஏற்றினான். பெண்கள் சுற்றி நின்றார்கள். என்ன வேண்டும் என்று பெர்பெட்டுவா அம்மா கேட்டதற்கு, சுவரில் ஒரு பலகை போதும் என்றான். எழுதியது யார், பிறகு மாற்றியது யார், என்ன மாற்றினார், மூன்று வரி.

"அவன் பேரையுமா போடணும்?" என்றார் அம்மா.

"அவர் மாத்தினதை அவர் பேர்லதானே போடணும்? அது அவரோடது. நான் எடுத்துக்கக் கூடாது."

ராடிங் தன் கன்னி அட்டையை எடுத்துத் தொட்டான். சிவப்பு. நாற்பது தடவை தொட்டான், நாற்பதும் சிவப்பு. வாழ்க்கையில் இத்தனை தடவை வேண்டாம் என்று சொல்லப்பட்டதற்கு அவன் இப்படிச் சந்தோஷப்பட்டதே இல்லை. நாற்பத்தோராவதாக ஒரு பெண் அவனை முழங்கையால் தள்ளிவிட்டுத் தன் அட்டையைத் தொட்டாள். பச்சை. ஐஸ் கொட்டியது.

காரில் ஏறிய பிறகும் ராடிங் சாவியைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தான்.

"என்னடா?"

"மேடம், பெர்பெட்டுவா அம்மா முப்பது வருஷமா இரட்சிக்கப்பட்டவங்க. சபையில முதல் வரிசை. பீர்ப் பெட்டியில இருபத்தஞ்சுன்னு யோசிக்காம சொன்னாங்களே, அது எப்படி?"

அமோண்டி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார்.

"வண்டியை எடு," என்றார். "அவங்க நம்மைக் கூப்பிடலை."